வேறு டிகிரி முடித்தவர் முதுநிலை படித்து ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறாராம். பேச்சு தெளிவாக வராத பிள்ளைகள் சிலரோடு பழகப் பழக, வாழ்நாளெல்லாம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று தோன்றிவிட்டதாம். "இரண்டு வருட எம்.எஸ்சி. படித்து ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகிவிடலாமா? லண்டனில் எந்த டிகிரி இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்பது கேள்வி. கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்தும் இதே கேள்வி அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவில் முடியாது. இங்கே எம்.எஸ்சி. ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜியில் (ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்கான முதுநிலைப் படிப்பு இது) சேர, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் துறையின் நான்கு வருட இளநிலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். பழைய பி.எஸ்சி. ஸ்பீச் அண்ட் ஹியரிங் இருந்தாலும் சரி. ஆங்கிலம், உளவியல், மொழியியல், நர்சிங், பி.எட். என்று வேறு எது முடித்திருந்தாலும் அந்தப் படிப்புக்குள் நேராக நுழைய வழி கிடையாது. லண்டன் விஷயம் உண்மைதான், ஆனால் அதன் நிபந்தனைகளை முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு கறார் என்று நீங்கள் நினைக்கலாம். பி.ஏ.எஸ்.எல்.பி.யின் முதல் மூன்று வருடங்களில் குரல்வளை, காது, மூளை நரம்புகள் ஆகியவற்றின் அமைப்பு, ஒலியியல், மொழி வளர்ச்சி, செவித்திறன் சோதனை, ஹியரிங் எய்ட் பொருத்துவது, திக்குவாய், குரல் கோளாறு, உதட்டுப் பிளவு என்று வரிசையாக வரும். பாடத்தோடு பாடமாக கிளினிக்கும் நடக்கும். சீனியர்கள் செய்வதைப் பார்ப்பதில் தொடங்கி, பிறகு ஆசிரியர் மேற்பார்வையில் நாமே குழந்தையை உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்போம். நான்காவது வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். எம்.எஸ்சி. இவ்வளவும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அடித்தளம் இல்லாதவரை அங்கே உட்கார வைத்தால் அவருக்கும் கஷ்டம், அவரிடம் வரும் நோயாளிக்கு ஆபத்து. விழுங்குவதில் சிரமம் உள்ள ஒருவருக்குத் தவறான பயிற்சி கொடுத்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். எழுத்துப் பிழையைத் திருத்துவது போன்ற வேலை அல்ல இது.

சட்டமும் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (சுருக்கமாக ஆர்சிஐ) சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்று கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை சின்னதுதான். அதனால்தானோ என்னவோ, மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை மாட்டிக்கொண்டு ஸ்பீச் தெரபி போர்டு வைப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அந்தச் சான்றிதழ்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஒரு படிப்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும், "இதை முடித்தால் ஆர்சிஐ பதிவு எண் கிடைக்குமா, எந்தப் பிரிவில் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரபிஸ்ட்டாக வேலை செய்ய எம்.எஸ்சி. கட்டாயம் இல்லை. பி.ஏ.எஸ்.எல்.பி. முடித்துப் பதிவு செய்தாலே மருத்துவமனையிலும் வேலை செய்யலாம், சொந்தமாகவும் கிளினிக் வைக்கலாம். எனவே உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது முதுநிலையை அல்ல, உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் இரண்டும் படித்திருக்கிறீர்களா? கூடவே உயிரியல், கணிதம், கணினி அறிவியல் போன்ற ஏதாவது ஒன்றும் இருந்ததா? அப்படியானால் பி.ஏ. முடித்த பிறகும் பி.ஏ.எஸ்.எல்.பி.க்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவது பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். சில இடங்களில் வயது வரம்பும் உண்டு. அந்தந்த வருடக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். பிளஸ் டூவில் கலைப் பிரிவோ வணிகவியலோ எடுத்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கிறது. மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் இப்போதே தெரிவது நல்லது.

எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் மாநில அரசின் பாராமெடிக்கல் பட்டப்படிப்புக் கலந்தாய்வில் பி.ஏ.எஸ்.எல்.பி.யும் வருகிறது. சென்னையில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம்., மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளையின் கல்லூரி, வேலூரில் சி.எம்.சி. ஆகியவை இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் சென்னையை மட்டும் பார்க்காமல் மேற்கேயும் பார்க்க வேண்டும். மைசூர் மானசகங்கோத்திரியில் 1960-களின் நடுவில் மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. துறையில் எல்லாரும் ஐஷ் என்பார்கள். இளநிலை முதல் முனைவர் பட்டம் வரை எல்லாம் அங்கே உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மத்திய அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. தருமபுரி, ஓசூர் வழியாக மைசூருக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. பெங்களூரிலும் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் நிறுவனம் போன்ற கல்லூரிகள் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னையைவிட பெங்களூர் மிகவும் பக்கம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மைசூரிலும் பெங்களூரிலும் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கன்னடம் பேசுவார்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவர் முதல் வருடம் திணறுவார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் திணறல் இல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்ந்தவருக்கு இந்தத் தொழிலில் பெரிய பலம் இருக்கிறது. நம் ஊர் ஆட்கள் அதை உணர்வதே இல்லை.

ஏன் பலம் என்கிறேன் என்றால், ஓசூரில் ஒரு மூன்று வயதுப் பையனுக்குப் பேச்சு வரவில்லை என்று அழைத்து வருவார்கள். வீட்டில் பாட்டி தெலுங்கு பேசுகிறார், அம்மா அப்பா தமிழ், பால்வாடி தமிழ், கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டு. யாராவது "பல மொழி பேசிக் குழப்பிவிட்டீர்கள், ஒரே மொழியில் பேசுங்கள், ஆங்கிலம் போதும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பாட்டி பேரனிடம் பேசுவதையே நிறுத்தியிருப்பார். பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை என்பது ஆய்வுகளில் நன்கு தெளிவான விஷயம். அந்தப் பையனை எல்லா மொழியிலும் சேர்த்து மதிப்பிட வேண்டும். தமிழில் இருபது சொல், தெலுங்கில் முப்பது சொல் என்றால் கூட்டித்தான் பார்க்க வேண்டும். எல்லா மொழியிலும் பின்தங்கியிருந்தால்தான் உண்மையான தாமதம். இதைச் செய்ய அந்த மொழிகள் காதில் விழுந்தால் புரிகிற தெரபிஸ்ட் வேண்டும். எனக்குத் தெரிந்து நம் எல்லைப்புறத்தில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு.

அதேபோல வட்டார வழக்கையும் குறைபாட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ழகரத்தை ளகரமாகச் சொல்லும் பிள்ளையின் அப்பா, தாத்தா, ஊரே அப்படித்தான் பேசும் என்றால் அங்கே திருத்த ஒன்றும் இல்லை. நாலரை வயதில் 'கடை' என்பதை 'தடை' என்றும் 'காக்கா' என்பதை 'தாத்தா' என்றும் சொன்னால் அதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியையாக நீங்கள் இதையெல்லாம் ஏற்கெனவே காதால் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். அந்தக் காது வகுப்பில் பாடமாகச் சொல்லிக் கொடுத்து வருவதல்ல, அதனால் உங்கள் அனுபவத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

சரி, எம்.எஸ்சி.க்கு வருவோம். முன்பு எம்.ஏ.எஸ்.எல்.பி. என்று பேச்சும் செவித்திறனும் சேர்ந்த ஒரே முதுநிலையாக இருந்தது. சில இடங்களில் இன்னும் அப்படித்தான். பல இடங்களில் எம்.எஸ்சி. ஆடியாலஜி, எம்.எஸ்சி. ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி என்று பிரிந்துவிட்டது. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், கடைசியில் ஆய்வுக்கட்டுரை. இளநிலையில் மேலோட்டமாகத் தொட்ட விஷயங்களில் ஆழமாக இறங்குவது இங்கேதான். பக்கவாதத்துக்குப் பின் வரும் மொழியிழப்பு, நாக்கு உதட்டுத் தசைகள் ஒத்துழைக்காத பேச்சு, விழுங்குதல் கோளாறு, பேசவே முடியாதவர்களுக்குப் படப் பலகையும் கருவியும் கொண்டு தொடர்பு ஏற்படுத்துவது, புள்ளியியல், ஆய்வு முறை எல்லாம் வரும். கல்லூரியில் ஆசிரியராகவோ ஆராய்ச்சிக்கோ போக விரும்பினால் எம்.எஸ்சி. வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவிலும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அந்த ஆழம் நம் மாவட்டத்துக்குத் தேவையா என்று சிலர் கேட்பார்கள். குழந்தைகளுக்குப் பேச்சு வரவைப்பது மட்டும்தானே வேலை என்று நினைப்பு. தேசிய நெடுஞ்சாலை 44 கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டையும் கடந்து தொப்பூர் கணவாய்க்குள் இறங்குகிறது. அங்கே விபத்து இல்லாத காலம் எது? தலையில் அடிபட்டு உயிர் பிழைத்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பேச்சும் ஞாபகமும் விழுங்குவதும் பாதிக்கப்படும். மூளை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்புவதோடு வேலை முடிந்தது என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும். மூக்கில் குழாயோடு வந்த மனிதருக்கு எப்போது, எவ்வளவு கெட்டியான கஞ்சியிலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்வதும் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலை என்று நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

பக்கவாதத்தால் பேச்சிழந்த மாந்தோப்பு விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். சோதனைப் பெட்டியில் இருக்கும் படங்களைக் காட்டினால் பெயர் வராது. அவர்கள் அன்றாடம் புழங்காத பொருள்கள் பாதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் தடையில்லாமல் வரும். தானாக ஓடும் பேச்சு மூளையில் வேறு விதமாகத் தங்கியிருப்பதால் அது பிழைத்துவிடும். அவர்களிடம் பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று மாங்காய்களையே கையில் கொடுத்துத் தொடங்கினால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். முதல் எழுத்தை நாம் வாயசைத்துக் காட்டினால் மீதியை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எந்த இடத்தில் எவ்வளவு உதவி, எப்போது உதவியை விலக்குவது என்ற கணக்குதான் முதுநிலையில் கற்றுக்கொள்வது.

காது கேளாமையையும் சொல்லியாக வேண்டும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது, இருவருக்கும் பொதுவாக உள்ள மரபணுக் குறை பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் காது கேளாமையில் ஒரு பகுதி அப்படி வருவதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்கும் கருவி) பொருத்துகிறார்கள். ஆனால் கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடாது. கேட்கவும் கேட்டதைப் புரிந்துகொள்ளவும் மாதக்கணக்கில், பெரும்பாலும் வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். அதற்காக ஊத்தங்கரையிலிருந்தும் அஞ்செட்டியிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிற அம்மாக்களைப் பார்த்தால், பக்கத்து ஊரில் ஒருவர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். இந்தத் தொழிலுக்கு நீங்கள் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கும் அதுதான் காரணம்.

இனி லண்டன். பிரிட்டனில் இரண்டு வருட முதுநிலைப் படிப்பாகவே தெரபிஸ்ட் தகுதி தரும் படிப்புகள் இருக்கின்றன. மொழியியல், உளவியல், கல்வியியல், ஆங்கிலம் போன்ற பட்டம் பெற்றவர்கள் நல்ல மதிப்பெண்ணும், குழந்தைகளோடோ நோயாளிகளோடோ பழகிய அனுபவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி இரண்டு வருட முதுநிலை உண்டு. அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர் முதலில் அடிப்படைப் பாடங்களைத் தனியே முடித்துவிட்டுத்தான் முதுநிலைக்குள் போக முடியும். அதற்கு மேல் 400 மணி நேர கிளினிக் பயிற்சி, பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு, 36 வாரப் பணிப்பயிற்சி எல்லாம் முடித்தால்தான் அங்கே முழுத் தகுதி.

பிரிட்டனில் இரண்டு பெரிய தடைகள். ஒன்று பணம். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு அரைக் கோடி ரூபாயைத் தாண்டிவிடும். இன்னொன்று ஆங்கிலம். தாய்மொழி ஆங்கிலம் அல்லாத தெரபிஸ்ட்டிடம் அங்கே பதிவு செய்யும் அமைப்பு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 8, எந்தப் பிரிவிலும் 7.5-க்குக் குறையாமல் கேட்கிறது. மற்ற பல மருத்துவத் துறைகளைவிட இது அதிகம். பேச்சையே தொழிலாகக் கொண்டவர் என்பதால் நியாயமான எதிர்பார்ப்புதான். ஆங்கில இலக்கியம் படித்த உங்களுக்கு அது முடியாத காரியம் இல்லை, ஆனால் தனியாக உழைக்க வேண்டும்.

அங்கேயே தங்கி வேலை செய்வதுதான் திட்டம் என்றால் யோசிக்கலாம். திரும்பி வந்து பாலக்கோட்டில் கிளினிக் வைப்பது திட்டம் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டுத் தகுதி இங்கே தானாகச் செல்லுபடியாகாது, ஆர்சிஐயிடம் தனியாக விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கே இரண்டு வருடமும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளோடுதான் பயிற்சி. தமிழில் ஒலிகள் எந்த வயதில் அமைகின்றன, வேற்றுமை உருபுகளைக் குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வீட்டை அடமானம் வைத்துப் போய், திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து கற்பது சரியான கணக்கு இல்லை.

அப்போ பிளஸ் டூவில் அறிவியல் இல்லாதவருக்கு வழியே இல்லையா? தெரபிஸ்ட் ஆக இல்லை. ஆனால் இதே பிள்ளைகளோடு முழு மதிப்போடு வேலை செய்ய வழி இருக்கிறது. எந்தப் பட்டம் பெற்றவரும் சிறப்புக் கல்வியில் இரண்டு வருட பி.எட். படிக்கலாம். அதில் செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு போன்ற பிரிவுகள் உண்டு. அதுவும் ஆர்சிஐ அங்கீகாரம் பெற்ற தொழில்தான், தனிப் பதிவெண்ணும் கிடைக்கும். செவித்திறன் பிரிவை எடுத்தால் காது கேளாத குழந்தைகளுக்கு மொழி கற்பிப்பதே உங்கள் மைய வேலை. நல்ல சிறப்பாசிரியர் இல்லாத இடத்தில் தெரபிஸ்ட் வாரம் ஒரு முறை செய்கிற வேலை நிற்பதில்லை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். இதை இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஐஷ் நிறுவனத்தில் மருத்துவ மொழியியல், தடயவியல் பேச்சு அறிவியல் போன்ற முதுநிலை டிப்ளமோக்களும் இருக்கின்றன. பெயர் கவர்ச்சியாக இருந்தாலும் அவை தெரபிஸ்ட் தகுதி தருவன அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

வேலை வாய்ப்பு பற்றிக் கேட்பீர்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதமும் குறைபாடும் உள்ள குழந்தைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான 'விழுதுகள்' சேவை மையங்களிலும் இவர்களுக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, சம்பளம் படித்த படிப்புக்குப் பொருந்தாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் தனியாரில் நிலைமை மேல். சொந்த கிளினிக் வைப்பவர்கள் நிலைபெற இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். நாக்கில் வசம்பு தடவிப் பார்ப்போம், அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார் என்று காத்திருந்துவிட்டு ஐந்து வயதில் அழைத்து வரும் குடும்பங்களிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருக்கும். அவர்களைத் திட்டி அனுப்புகிற தெரபிஸ்ட்டிடம் மறுமுறை யாரும் வருவதில்லை.

என் யோசனை இதுதான். உங்கள் பிளஸ் டூ பட்டியலில் இயற்பியலும் வேதியியலும் இருந்தால், நான்கு வருடம் நீளமாகத் தெரிந்தாலும் பி.ஏ.எஸ்.எல்.பி.யில் சேருங்கள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் முடித்து நிற்பீர்கள், அது ஒன்றும் தாமதம் இல்லை. எம்.எஸ்சி.யை உடனே தொடராமல் ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு, எந்தப் பிரிவில் மனம் போகிறது என்று தெரிந்தபின் சேர்வது நல்லது. இயற்பியல், வேதியியல் இல்லை என்றால் செவித்திறன் பிரிவு பி.எட். உங்களுக்குச் சரியாக இருக்கும். எதில் சேர்வதற்கு முன்பும் பள்ளி விடுமுறையில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போய், அனுமதி கேட்டு, சில நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே சொல்லுக்காக அரை மணி நேரம் விளையாடுவதும், அது வராமலே அன்றைய அமர்வு முடிவதும்தான் பெரும்பாலான நாள்கள். அதைப் பார்த்த பிறகும் மறுநாள் போகத் தோன்றினால் விண்ணப்பப் படிவத்தை வாங்குங்கள். பிளஸ் டூவில் என்ன பிரிவு என்று எனக்கு எழுதினால், எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.